ஒரு விரல் இடைவெளி

ஹம்சிகா சிரிக்கும்போது கன்னத்தில் குழி விழும். அது இடக் கன்னத்திலா வலக் கன்னத்திலா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஐயா. என் ஞாபகத்தை நான் என்றைக்கும் நம்பியதில்லை. வாசித்த புத்தகத்தைச் சில வருடம் கழித்து மறுபடி திறந்தால், நான் மனதில் வைத்திருந்த வரி அதில் இருக்காது. வேறு ஏதோ இருக்கும். அப்பா இறந்து ஒரு மாதத்திலேயே அவர் குரல் எனக்கு மறந்துபோனது. அதனால்தான் பதிவுகளோடு இருக்கிற தொழில் எனக்குப் பொருந்தியது என்று நினைக்கிறேன்.

மற்றவை ஞாபகத்தில் இருக்கின்றன. ஹம்சிகா தேத்தண்ணீரை ஸ்ட்ரோ போட்டுத்தான் குடிப்பாள். சூடு பட்டால் வாயருகே கையால் விசிறிக்கொள்வாள். தும்மல் வந்தால் மூக்கைப் பொத்தமாட்டாள், நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். "போதும்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிய பிறகும் அவள் சிரித்துக்கொண்டிருப்பது தோளில் தெரியும். நான்கு வருடமாக என் காலைகள் அப்படித்தான் தொடங்கின. நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. ஏன் பேசாமல் இருக்கிறீர்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. எங்களுக்கு நடுவே நீண்ட மௌனம் இருந்தது. அதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

நீங்கள் அதைக் கேட்கவில்லை. மேசையில் பொலித்தீன் உறைக்குள் கிடக்கும் டிஸ்க்கைக் காட்டி, வீடியோ எடிட் செய்கிற கணினிக்கு எதற்கு இத்தனை டிஸ்க் என்று கேட்டீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

என் பெயர் சசிக்குமார். கிஷாந்தின் ஸ்டூடியோவில் வேலை செய்தேன். மாத்தளை டவுனில், ஒரு பாத்திரக் கடையின் மேல்மாடியில் அது இருக்கிறது. கிஷாந்த் படம்பிடிப்பான். நான் எடிட் செய்வேன். அவன் கல்யாண வீடுகளில் எல்லாரோடும் சிரித்துப் பேசி, சாப்பிட்டு, மணப்பெண்ணின் சித்திமாரைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகிவிடுவான். அவன் கொண்டுவருவதை நான் ஜன்னலை மூடிக்கொண்டு பார்ப்பேன். ஒரு கல்யாணத்தில் பத்து மணித்தியாலத்துக்குப் படம் பிடித்தால், வீட்டுக்காரருக்குப் போவது இரண்டு மணித்தியாலம். மிச்சம் ஸ்டூடியோவிலேயே கிடக்கும். அதை யாரும் கேட்பதில்லை. மனிதர்கள் தங்களை மறந்து இருப்பது அந்த மிச்சத்தில்தான்.

பழைய கணினி திணறத் தொடங்கியிருந்தது. புதிய கமராக்கள் எடுக்கும் படங்கள் மிகப் பெரியவை. ஒரே டிஸ்க்கில் எல்லாவற்றையும் போட்டு வேலை செய்தால், அது எழுதவும் வேண்டும், வாசிக்கவும் வேண்டும், நடுவில் நின்று நின்று யோசிக்கும். போன வருடம் கிஷாந்த் புதிதாக ஒன்று கட்டுவது என்று தீர்மானித்து, என்னை ஷிஹாமின் கடைக்கு அழைத்துப் போனான். டவுனில் கணினிச் சாமான்களுக்கு நாங்கள் போவது அவரிடம்தான். கிஷாந்த் அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவான்.

முதல் இரண்டு டிஸ்க்கில் எங்களுக்குள் விவாதம் இருக்கவில்லை. மென்பொருள்கள் இருக்க ஒரு சிறிய, வேகமான டிஸ்க். அன்றன்றைய வேலையை வைத்து வெட்ட இன்னொரு வேகமான டிஸ்க். பிரச்சினை மூன்றாவது இடத்தில், முடிந்ததையெல்லாம் சேர்த்துவைக்கும் இடத்தில் வந்தது. அதற்கு ஷிஹாம் இரண்டு பெரிய டிஸ்க்கும், அவற்றைச் செருகிவைக்க ஒரு பெட்டியும் எடுத்து மேசையில் வைத்தார். முன்பக்கத்தில் இரண்டு வாய். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு சிறு விளக்கு.

"இதுல ரெண்டு விதமா போடலாம்," என்றார் ஷிஹாம். "ரெண்டையும் ஒண்டாச் சேத்தா படத்தப் பாதி இதுல எழுதும், பாதி அதுல எழுதும். ஓட்டம் ரெண்டு மடங்கு, எடமும் ரெண்டு மடங்கு. ஆனா ஒண்டு மௌத்தானா மத்ததும் மௌத்துதான். பாதிப் படத்த வச்சி என்ன செய்ய?"

"மத்த விதம்?"

"மத்தது கண்ணாடி. இதுல எழுதுறத அப்பிடியே அதுலயும் எழுதும். ஒண்டு போனாலும் மத்ததுல எல்லாம் இரிக்கும். எடம் பாதிதான்."

"எனக்கு ஓடுறதுதான் வேணும் நானா," என்றான் கிஷாந்த். "கல்யாணம் முடிஞ்சு புள்ள பொறந்து அதுக்கு மொட்டையும் போட்டாச்சு, நம்ம வீடியோ இன்னும் வரலைங்கிறாங்க. ரோட்டுல நடக்க முடியல."

"கண்ணாடிதான்," என்றேன் நான்.

கிஷாந்த் என்னைத் திரும்பிப் பார்த்தான். "இவன் வாயத் தொறந்துட்டான் நானா. கொடை இருந்தா குடுங்க, மழ வரப்போகுது."

"அப்ப கண்ணாடியே போடுவம். பேசாத ஆளு பேசினா கேக்கணும்," என்றார் ஷிஹாம். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒண்டு மட்டும் வெளங்கிக்கோங்க தம்பி. இத நம்பி நிம்மதியா தூங்காதீங்க. இதுல அழிச்சா அதுலயும் அழியும். அதுக்கு நல்லது கெட்டது தெரியாது. வேண்டியத மூணாவதா ஒண்டுல போட்டு வேற எடத்துல வைங்க."

நியாயமான அறிவுரை. நான் அதைக் கேட்கவில்லை. ஹம்சிகா மூன்றாவதாக ஓர் இடத்திலும் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டே அதிகம் என்றுதான் நினைத்தேன்.

உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். நான்கு வருடத்துக்கு முன் அவள் கல்யாணத்தைக் கிஷாந்த் படம்பிடித்தான். நான் அன்று ஸ்டூடியோவில் இருந்தேன். நான் கல்யாணங்களுக்குப் போவதில்லை. மண்டபத்தின் பின்னறையில் அவளை அலங்கரிக்கும்போது, கிஷாந்த் கமராவை ஒரு மேசையில் ஓடவிட்டு வெளியே போய்வந்திருக்கிறான். உதட்டுச் சாயம் கலையக்கூடாது என்று யாரோ அவளுக்குத் தேத்தண்ணீரில் ஸ்ட்ரோ போட்டுக் கொடுக்கிறார்கள். தும்மும்போது நெற்றிச்சுட்டி விழாமல் பிடித்துக்கொள்கிறாள். கிஷாந்த் திரும்பி வந்ததும், "போதும்ண்ணே, எடுக்காதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அந்த "அண்ணே" அவனுக்குச் சொன்னது. அதையும் அதற்குப் பிறகு வருவதையும் வெட்டி எடுத்தேன். "போதும்" மட்டும் இருந்தது. அது எனக்குப் போதுமாக இருந்தது.

மாப்பிள்ளையை வெட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. மணவறையில் இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். தாலி கட்டும் கையை எடுத்தால் அவள் கழுத்தும் போய்விடும். கழுத்தோடு உரசும் அந்த விரல்களை ஒவ்வொரு படமாக எடுத்து அழித்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க அந்த வேலையைச் செய்தேன். முடிந்தபோது அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள், தாலி தானாக வந்து விழுந்தது.

இந்த வருடம் பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில், ஹம்சிகா அவளுடைய அம்மா சுந்தரம்மாவோடு பல்லேபொலவிலிருந்து பஸ்ஸில் ஸ்டூடியோவுக்கு வந்தாள். படி ஏறி வந்த பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மெலிந்திருந்தாள். முடியைத் தோளளவு வெட்டியிருந்தாள். ஒரு காதின் மடல் கிழிந்து தைக்கப்பட்டிருந்தது. சுந்தரம்மாதான் பேசினார்.

"தம்பி, அந்தக் கல்யாணம் முடிஞ்சுபோச்சுங்க. கோட்டுல தீத்தாச்சு. அவன் குடிச்சுட்டு அடிப்பான். ஒருநா தோட்டோட சேத்து காதப் பிச்சுட்டான். இப்ப அந்தக் கல்யாண வீடியோவ வெட்டி வெட்டி பேஸ்புக்ல போடுறான். கீழ கண்ட கண்டதெல்லாம் எழுதுறான். இவளுக்கு வேற எடத்துல பேசியிருக்கோம். நல்ல பையன், தம்புள்ளையில வேல. அவங்க வீட்டு ஆளுங்களுக்கும் அத அனுப்புறான்."

"அவன் இங்கயும் வருவான் அண்ணே," என்றாள் ஹம்சிகா, கிஷாந்தைப் பார்த்து. "மிச்சம் இருக்கான்னு கேப்பான். இருந்தா நீங்களும் குடுப்பீங்க, அவனும் காசு குடுத்தவந்தானே. அதனால இருக்கவே வேணாம். ஒண்ணுமே இருக்க வேணாம்."

கிஷாந்த் யோசிக்கவே இல்லை. "இப்பவே அழிச்சுருவோம் தங்கச்சி. ஒங்க முன்னுக்கே."

"அழிச்சாலும் திரும்ப எடுக்கலாம்னு சொல்றாங்களே."

"அதுக்கு மேல வேற எழுதிட்டா ஒருத்தனாலயும் எடுக்க முடியாது. சசி செய்வான். அவனுக்கு அதெல்லாம் தெரியும்."

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். "இந்த அண்ணே?"

"இவந்தான் ஒங்க கல்யாணத்த வெட்டி ஒட்டினவன். பேசமாட்டான், பயந்துறாதீங்க."

"அப்ப எல்லாத்தையும் பாத்திருப்பீங்க," என்றாள். வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

"எனக்கு ஞாபகமில்லை," என்றேன்.

மேசைக்குக் கீழே இருந்த டிஸ்க் பெட்டியின் வயரைப் பார்ப்பதுபோலக் குனிந்தேன். குனிந்து, அதில் இருந்த இரண்டாவது டிஸ்க்கின் பிடியை விடுவித்து ஒரு விரலளவு வெளியே இழுத்தேன். அவ்வளவு போதும். பெட்டியோடு அதன் தொடர்பு விட்டுப்போகும், ஆனால் பார்க்கிறவருக்கு அது தன் இடத்தில் இருப்பதாகவே தெரியும். சிவப்பாக மாறிய அதன் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டினேன். பிறகு உட்கார்ந்து, முதல் டிஸ்க்கில் அவள் பெயரில் இருந்த எல்லாவற்றையும் அவள் கண்முன்னால் அழித்தேன். அழித்த இடத்தின் மேல் வெறும் சுழியங்களை எழுத விட்டேன்.

எழுதி முடிய நேரம் எடுத்தது. கிஷாந்த் கீழேயிருந்து தேத்தண்ணீர் வரவழைத்தான். அவள் கோப்பையில் வாய் வைத்துக் குடித்தாள். ஊதி ஊதி, சத்தத்தோடு குடித்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் அவள் இல்லை என்று எனக்கு அப்போது தெளிவானது. இவள் எங்கேயோ வைக்கப்பட்டு, அடிபட்டு, பழுதாகிவிட்ட ஒரு பிரதி. நல்ல பிரதி என் முழங்காலுக்குப் பக்கத்தில், ஒரு விரல் வெளியே இழுத்தபடி, பத்திரமாக இருந்தது.

திரையில் வெறுமையாக இருந்த இடத்தைக் காட்டினேன். அவள் அழுதாள். போகும்போது என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "தெய்வம் மாதிரிண்ணே நீங்க," என்றாள். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு, கிஷாந்த் படம்பிடிக்கப் போகிற நாட்களில், முதல் டிஸ்க்கை வெளியே இழுத்துவிட்டு இரண்டாவதை உள்ளே தள்ளி அவளைப் பார்ப்பேன். முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுவேன். இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கக்கூடாது. இருந்தால் பெட்டி இரண்டையும் ஒன்றுபோல ஆக்க முயலும். பிந்தி உள்ளே வந்த டிஸ்க்கைப் பின்தங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அதன் மேல் மற்றதை முதலிலிருந்து எழுதத் தொடங்கும். யாரையும் கேட்காது. அதன் கடமை அது. நான் அந்தக் கடமையை நம்பி அதை வாங்கச் சொன்னவன். அதனால் கவனமாக இருந்தேன். கவனமாக இருப்பதற்கும் பத்திரமாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஷிஹாம் சொல்லியிருந்தார்.

மாசி மகத்தன்று அம்மன் கோயில் தேர். அதைப் படம்பிடிக்கும் வேலையும் கிஷாந்துக்குத்தான். தேரன்றும் ஆயுத பூசையன்றும் அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. கமராக்களை வெளியே எடுக்கும் முன், விடிந்ததும் குளித்து வந்து, ஸ்டூடியோவில் இருக்கும் ஒவ்வொரு சாமானையும் ஈரத்துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டுவான். இந்த வழக்கம் எனக்குத் தெரியும். ஆயுத பூசைக்கு நானும் கூடத்தான் இருந்தேன். ஆனால் அப்போது இரண்டு டிஸ்க்கும் உள்ளே இருந்தன. தேரைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

சனக்கூட்டம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் மத்தியானத்துக்குக் கிட்டத்தான் போனேன், பின் சந்து வழியாக. கீழே தவில் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. அறையில் கற்பூர வாசம். கமரா ட்ரைபொட்டில் பொட்டு. விசைப்பலகையில் பொட்டு. என் கதிரையின் முதுகில்கூட ஒரு பொட்டு. டிஸ்க் பெட்டியில் இரண்டு பொட்டு, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒன்று. இரண்டு டிஸ்க்கும் ஒரே மட்டமாக உள்ளே இருந்தன. இரண்டாவதின் சந்தனத்தில் பெருவிரல் ரேகை தெளிவாகத் தெரிந்தது. கறுப்பு டேப் துடைத்த துணியில் ஒட்டிக் கிடந்தது. விளக்கு வேகமாக மினுங்கிக்கொண்டிருந்தது. சிறுகுழந்தை பால் குடிக்கும்போது தொண்டை அசையுமே, அந்த மாதிரி.

இரண்டாவதை இழுத்து, தனியாக வைத்துத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் எழுதி முடித்திருந்தது. ஹம்சிகாவின் பெயரில் ஒன்றும் இல்லை. மிஞ்சிய துண்டுகளைத் தோண்டி எடுத்தேன். அவை சாம்பல் நிறச் சதுரங்களாகத் திறந்தன. ஒன்றில் மட்டும் ஒரு தோள் இருந்தது. அது யாருடையது என்று தெரியவில்லை.

கிஷாந்த் பட்டரி எடுக்க மேலே ஓடி வந்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். வியர்வையில் விபூதி கரைந்திருந்தது.

"வந்துட்டியாடா. கீழ வாயேன், தேரு திரும்புது. ஒரு கை கொறையுது."

"இதைத் தள்ளினியா?" என்று கேட்டேன்.

"எத? ஓ, அதுவா. பொட்டு வைக்கிறப்ப பாத்தேன், ஒண்ணு லூசா வெளிய நின்னுச்சு. அமுக்கி விட்டேன். கண்ணாடி, கண்ணாடின்னு கடையில அவ்வளவு பேசினியே, நீ அதெல்லாம் பாக்குறதில்லயா?"

"ஹம்சிகா போயிட்டா."

"யாரு?" என்றான். அவன் முகத்தில் அந்தப் பெயரைத் தேடுவது தெரிந்தது. தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு பெட்டியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், கடைசியாக என்னைப் பார்த்தான். "நீ அத அழிக்கலையா?"

நான் திரையை அணைத்தேன்.

"அந்தப் புள்ள ஒன்னக் கும்பிட்டுட்டுப் போச்சேடா," என்றான். மெதுவாகத்தான் சொன்னான். "இத்தன நாளா இத உக்காந்து பாத்துக்கிட்டா இருந்த? ச்சீ." பிறகு அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது போல இருந்தது. "நல்லவேள. அம்மனா பாத்து அமுக்கி விட்டிருக்கா. ஆனா நான் மறைக்க மாட்டேன் சசி. அந்தம்மாகிட்ட சொல்லணும். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணுன்னா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

மடியிலிருந்து போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். சத்தத்தில் கேட்காது என்று ஒரு காதைப் பொத்திக்கொண்டான். நான் ட்ரைபொட்டை எடுத்தேன். அது பழையது, கனமானது. அதைத் தூக்கி நடக்க முடியவில்லை என்று அவனே பலமுறை குறைப்பட்டிருக்கிறான்.

முதல் அடி அவன் பொத்தாத காதுக்கு மேலே விழுந்தது. போன் தெறித்துப் போனது. அவன் என் கதிரையில் உட்கார்ந்தான். யாரோ உட்காரச் சொன்ன மாதிரி ஒழுங்காக உட்கார்ந்தான். "என்னாடா சசி," என்றான். நான் விளையாடுவதாக நினைத்திருக்க வேண்டும். இரண்டாவது அடி வாயில் பட்டது. பற்கள் விசைப்பலகையில் விழுந்த சத்தம் தவிலை மீறி எனக்குக் கேட்டது. அவன் இரண்டு கையையும் தூக்கினான். ஒரு கை முறிந்தது. அதற்குப் பிறகு கதிரை உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. அவன் கீழே விழுந்தான், நான் மேலே நின்றேன். எத்தனை முறை அடித்தேன் என்று எண்ணவில்லை. கீழே தவில் அடித்தவர் அதை அறிவார், நான் அவருடைய வேகத்துக்கு அடித்தேன். வடம் பிடித்தவர்கள் அரோகரா சொன்னார்கள். அவன் முகம் எந்த வீடியோவோடும் ஒப்பிட முடியாத நிலைக்கு வந்தபோது நிறுத்தினேன்.

தரையில் கிடந்த போன் அடித்தது. திரையில் விதுஷா என்று வந்தது. அவனுடைய மனைவி. மகளோடு கூட்டத்தில் எங்கேயோ நின்றுகொண்டு, அவன் எங்கே என்று கேட்கிறாள். நின்று, மறுபடி அடித்தது. அதை எடுத்து மேசையில் வைத்தேன், மிதிபடாமல்.

நான் கோபத்தில் இருக்கவில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வேலை பழுதாகிவிட்டால், மூலத்திடம் போக வேண்டும். எடிட் செய்கிற எவரும் அதைத்தான் செய்வார். மறுபடி எடுக்க வேண்டும். அவ்வளவுதான் என் யோசனையில் இருந்தது. முகத்தைக் கழுவினேன். ஆணியில் தொங்கிய கிஷாந்தின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். சிறிய கமராவையும், டேப் வெட்டும் கட்டரையும் பையில் போட்டுக்கொண்டேன். படம்பிடிக்கப் போகிற பையில் கட்டர் எப்போதும் இருக்கும். தேருக்காக வீதி மூடியிருந்ததால் வெகுதூரம் நடந்துபோய்ப் பல்லேபொல பஸ் எடுத்தேன். இறங்கிய இடத்தில் ஒரு கடையில் ஸ்ட்ரோ ஒரு பக்கற் வாங்கினேன்.

முற்றத்தில் மிளகு காயப்போட்டிருந்தது. ஹம்சிகா கோழி விரட்டிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும், "வாங்கண்ணே, என்னா திடீர்னு?" என்றாள். உள்ளே பார்த்து, "அம்மா, ஸ்டூடியோ அண்ணே வந்திருக்காரு, தேத்தண்ணி போடுங்க," என்றாள். என்னை முன்விறாந்தையில் உட்காரச் சொன்னாள்.

கமராவை வைத்தேன். ஸ்ட்ரோவை மேசையில் வைத்தேன். "ஒரு சின்ன வேலை. இங்க உட்காருங்க. கொஞ்சம் சிரிச்சாப் போதும்," என்றேன்.

"என்னாண்ணே இது? எதுக்கு?" அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். "அண்ணே, ஒங்க காதுக்குப் பின்னால ரத்தம்."

"சிரிங்க."

அவள் சிரிக்கவில்லை. பின்னால் நகர்ந்தாள். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவளுக்கு அது பழக்கமாக இருந்திருக்க வேண்டும். பிடித்ததுமே தலையைக் குனிந்து, மற்றக் கையால் காதை மறைத்துக்கொண்டாள். அது என்னை வேதனைப்படுத்தியது. அவளை அடித்தவன் வேறொருவன். நான் ஒருநாளும் அவளை அடித்ததில்லை. அதைச் சொன்னேன். நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட உன்னை நான் அடித்ததில்லை, என்னைப் பார் என்று சொன்னேன். அவள் அலறத் தொடங்கினாள். அலறும்போது வாய் விரிந்தது. ஆனால் குழி விழவில்லை. அது எங்கே விழ வேண்டும் என்று காட்டத்தான் கையைக் கொண்டுபோனேன். கையில் கட்டர் இருந்தது. தோல் டேப் போல அல்ல, ஐயா. ஒரே இழுப்பில் பிரிவதில்லை. திரும்பவும் இழுக்க வேண்டியிருந்தது. அவள் பிளேடை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டாள், அதனால் கையும் வெட்டுப்பட்டது.

சுந்தரம்மா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீர்க் கேத்தலோடு வந்தார். என் கையைப் பார்க்கிறீர்கள். கழுத்தும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைக் கமரா வாரால் கமுகு மரத்தில் கட்டினார்கள். உங்கள் ஆட்கள் வரும்வரை யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மிளகின் மேல் வெயில் விழுந்திருந்தது. அமைதியாக இருந்தது.

கமரா ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னீர்கள். நான் அதைப் பார்க்கக் கேட்டேன், நீங்கள் மறுத்துவிட்டீர்கள். பரவாயில்லை. அதில் இருப்பது எனக்கு வேண்டிய பகுதி அல்ல.

இந்தச் சில மாதங்களில் மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியவந்தது இவ்வளவுதான். கிஷாந்தை மாடியிலிருந்து இறக்கும் முன்பே உயிர் போய்விட்டது. தேர் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, விதுஷாதான் மகளைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டுப் படி ஏறி வந்து கண்டாள். பிறகு ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு, மகளோடு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஷிஹாம் உங்களிடம் வந்து வாக்குமூலம் கொடுத்தார். நான் தொட்ட அந்தப் பெட்டியை அவர் திரும்ப எடுக்கமாட்டாராம். சுந்தரம்மாவின் வலது கையில் கேத்தல் சுட்ட காயம் ஆறிவிட்டது. ஹம்சிகாவை முன்பு அடித்தவன் பேஸ்புக்கில் போட்டவற்றை எல்லாம் தானாகவே எடுத்துவிட்டான். பயம் போலிருக்கிறது. ஹம்சிகாவுக்குக் கண்டியில் இரண்டு சத்திரசிகிச்சை செய்தார்கள். நரம்பு அறுந்ததால் முகத்தின் ஒரு பக்கம் இனி அசையாதாம். தம்புள்ளைப் பையன் ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்கு வந்தான். வீட்டுக்கு வந்ததும் பதிவாளரை அழைத்துக் கல்யாணத்தை எழுதினார்கள். படம் எதுவும் எடுக்கவில்லையாம். போனில்கூட எடுக்க வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாளாம்.

நான் இங்கே இருக்கிறேன். கேட்டதற்கெல்லாம் சொல்லிவிட்டேன். அவள் எப்படிச் சிரித்தாள் என்பது இனி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை நான் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்.

வைத்தியரின் அறிக்கையில் காயம் இடக் கன்னத்தில் என்று இருப்பதாகச் சொன்னீர்கள். அப்படியென்றால் குழி விழுவது இடப்பக்கம்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.